அடுப்புல வெளுத்த ஆறு வால்வு

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி தேவலையா? இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். நேத்து டிராயரைத் திறந்தேன், பழைய ரேடியோ வால்வு ஒண்ணு, சின்ன பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய், உருண்டு வந்துச்சு. அதான்.

1.
"1958, டென்னசி மலைகளுக்கு நடுவே ஓர் ஆய்வுக்கூடம்..." சே, பாடப்புத்தகம் மாதிரி இருக்கு. அடிச்சிட்டேன்.

2.
வால்வு சோதிக்கிற மேசையில கூட வேலை பார்க்கற ஓலீட்டாவும் நானும். கோபால்ட் கதிர் பாய்ச்சற அறையில மூணு வாரம் இருந்துட்டு ஆறு வால்வு வந்துச்சு. கதிர் பட்டுக் கண்ணாடியெல்லாம் பால் விடாத டீ நிறம்! உச்சியில இருக்கற வெள்ளிப்பூச்சு மட்டும் அப்படியே பளபளன்னு. எவ்வளவு கறுத்திருக்குன்னு அளக்கறதுதான் சோதனையே. எங்க மேலதிகாரி கட்ஷா சார் மத்தியானம் அளப்பார். கெடுத்தா வேலை போயிடும்.

எங்க பள்ளத்தாக்குல ஈரம் ஜாஸ்தி. எந்த வால்வு வந்தாலும் முதல்ல ஜன்னல் வெச்ச மின்சார அடுப்புல காயவெப்போம். ஓலீட்டா பழக்கதோஷத்துல இந்த ஆறையும் தூக்கி உள்ள—

(இந்த வரி உறுத்துது. இருக்கட்டும், அப்புறம் வரேன்.)

3.
"ஏய், விளக்கை அணைடி! உள்ள பாரு!"ன்னா ஓலீட்டா.

அடுப்பு ஜன்னல்ல முகத்தை ஒட்டினோம். ஆறு வால்வும் மங்கலா, நீலமா ஒளி விடுது.

"கரண்டே குடுக்கலையேடி!"ன்னேன் நான்.

"மூணு வாரமா தின்னதை இப்ப கக்குதுடி."

"சர்ச்சுல நிக்கறாப்ல இருக்கு, சும்மா இரு."

கதிரை உள்ள வாங்கி வெச்சிருந்து, சூடு பட்டதும் வெளிச்சமா திருப்பிக் குடுக்குது, வெறும் கண்ணாடி! ஒளி அடங்கினதும் கதவைத் திறந்தோம். கண்ணாடி தண்ணியாட்டம் தெளிவு. கறுப்பும் போச்சு, மூணு வாரமும் போச்சு.

4.
கட்ஷா சார் வாசல்லயே நின்னுட்டார். "யாரு உள்ள வெச்சது?"

ஓலீட்டா புருஷன் சுரங்கத்துல இடுப்பொடிஞ்சு படுக்கையில, வீடே அவ சம்பளத்துலதான் ஓடுது. அவ என்னையே பார்த்தா.

5.
ரெண்டாம் பகுதியில ஓலீட்டான்னு எழுதினேன்ல? நாலு தடவை அப்படித்தான் எழுதினேன். வெச்சது என் கை.

"நான்தான் சார்"னு நான் சொன்னதா ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அழகாத்தான் இருந்துச்சு. நான் வாயை மூடிக்கிட்டு நிக்க, அவ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினதா இன்னொண்ணு. அதை ஒரே மூச்சுல எழுதிட்டேன், ஒரு வார்த்தை அடிக்கல.

நிஜமா நடந்தது எதுன்னு சொல்ல மாட்டேன். உள்ள வெச்சிருந்ததைக் கக்கக் கண்ணாடிக்குக் கால் மணி நேரச் சூடு போதுமா இருந்துச்சு. எனக்கு இத்தனை வருஷம்.

கட்ஷா சார் இன்னும் வாசல்லதான் நிக்கறார். நீங்க எப்பவாவது இப்படி மாட்டிக்கிட்டு நின்னிருக்கீங்களா? என்ன சொன்னீங்க? எழுதுங்க.