நொடிக்கு நாற்பது

பதிவேட்டில் முப்பத்தொரு சிவப்பு வட்டங்கள். ஸ்கேன் மையத்தின் மேலாளர் போட்டவை. ஒவ்வொரு ஸ்கேனையும் வெளியூர் டாக்டருக்கு இணையத்தில் அனுப்பும்போது, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் டெக்னீஷியன் தன் கையால் எழுதிவைப்பாள். எதுவுமே இரண்டு நிமிடத்துக்குக் குறையவில்லை.

"ஒரு ஸ்கேன் அறுநூறு மெகா. நம்ம லைன் நொடிக்கு நாற்பது மெகா. வகுத்தா பதினஞ்சு செகண்ட். மிச்ச நேரம் போன்ல யாரோட அரட்டை?" என்றார் மேலாளர்.

மேசையில் கடிதம் தயாராக இருந்தது. 'என் கவனக்குறைவால் தாமதம் ஏற்பட்டது.' கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு போகும். போடாவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லை.

அவள் பலகையில் குத்தியிருந்த இணைய பில்லை எடுத்து நீட்டினாள்.

"இது மெகாபிட் சார். ஸ்கேன் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். அப்ப நம்ம லைன்ல நொடிக்கு அஞ்சு மெகாபைட்தான் போகும். அறுநூறு போக ரெண்டு நிமிஷம்."

"எனக்கே கணக்கு சொல்றியாம்மா?"

"காலைல எடுத்தது ஒண்ணு பாக்கி இருக்கு. நீங்களே அனுப்புங்க."

மேலாளர் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். வரவேற்பு மேசை அக்கா வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினஞ்சு ஆச்சு சார்."

திரையில் பச்சைப் பட்டை எட்டில் ஒரு பங்குதான் நகர்ந்திருந்தது. அவர் மவுஸைப் படபடவென்று தட்டினார்.

"தட்டினா ஓடறதுக்கு அது மாடா சார்?" என்றாள் அக்கா.

முடிய இரண்டு நிமிடம் நான்கு நொடி ஆனது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"சரிம்மா. ஆனா மேலிடத்துல சொல்லிட்டேன். சும்மா ஒரு கையெழுத்து. யாரும் படிக்கப் போறதில்ல."

"யாரும் படிக்காத காகிதத்துக்கு என் கையெழுத்து எதுக்கு சார்?"

பேனாவை எடுத்தாள். அவர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதன் மேலேயே பதிவேட்டை விரித்து வைத்து எழுதினாள். தொடக்கம் 11.10. முடிவு 11.12. அனுப்பியவர்: மேலாளர்.

"முப்பத்திரண்டாவது. வட்டம் போடுங்க சார். உங்க கவனக்குறைவுன்னு நீங்க ஒரு கடிதம் எழுதுங்க. அது வந்தப்புறம் என்னோடதைப் பேசலாம்."

சிவப்புப் பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"அக்கா, அடுத்தவங்களை உள்ள அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கேன் அறைக்குள் போனாள்.