ஒரு சொட்டும் சிந்தாமல்

உடலைக் குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் லெவ்வை இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் மசூர் கிணற்றடியில் கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தான். மண்ணெண்ணெய் போட்டாயிற்று, சவர்க்காரம் போட்டாயிற்று, தேங்காய்த் தும்பால் தோல் உரியத் தேய்த்தும் பார்த்தாயிற்று. நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகமாட்டேன் என்று நின்றது.

"தம்பி, தண்ணி ஆறப்போகுது. மாமாட கால் பக்கம் நீங்கதான் புடிக்கணும். ஆம்புளப் புள்ள இல்லாத மனிசன், மருமகன்தான் மகன்."

"வாறன் லெவ்வை" என்றான். கால்தான் எழும்பவில்லை.

காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணீருக்குச் சீனி காணாது என்று சண்டை பிடித்த அச்சிமுகம்மது, ஒன்பது மணிக்கு மையித்து. மசூரின் மாமனார். முப்பது வருஷம் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் வாடகைக் கார் ஓடியவர். கடைசியாக வாங்கிய டட்சன் காரை வாடகைக்கு விடாமல் வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தார். மசூர் சங்கக் கடை எழுதுவினைஞன். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது என்ற ஊர் வழக்கப்படி, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு சாய்ந்தமருதுக்கு, மனைவி றுகையாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்.

மாமா ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாரனோடேயே ஒயில் பில்டர் மாற்றுகிற ஆள். பழைய எண்ணெயைத் தாச்சியில் வடியவிடுவார். பில்டரைக் கையால் கொஞ்சம் இளக்கி, ஒரு பொலித்தீன் பையை அதற்குத் தொப்பி போலப் போட்டு, பைக்குள்ளேயே கழற்றி எடுப்பார். மிச்ச எண்ணெயெல்லாம் பைக்குள் விழும். நிலத்தில் ஒரு சொட்டு இருக்காது, சாரனில் ஒரு புள்ளி இருக்காது. போன பெருநாளைக்கு முன் மசூர் அதைச் செய்யப்போய், முற்றத்துச் சீமெந்தையும் நாசமாக்கித் தானும் எண்ணெயில் குளித்து எழும்பினான். மாமா வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"எங்கட மருமகன் பேனைக்கு மை அடிச்சாலும் சட்டைக்குத்தான் அடிப்பாரு."

மசூரும் கூடச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே போய் நெருஞ்சி முள்ளாகத் தங்கிவிட்டது. படித்த மனிதனுக்கு ரோஷம் கொஞ்சம் கூட. இன்றைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை. விடியலிலேயே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு காரடியில் குந்தினான். மாமா செய்ததை ஒன்று விடாமல் செய்தான். கண் முழுக்க நிலத்தில்தான். விழவில்லை, ஒரு சொட்டும் விழவில்லை. பையை முடிந்து குப்பைக் கிடங்கில் போட்டு மண்ணைத் தள்ளினான். புதுப் பில்டரைப் பூட்டி எண்ணெயும் ஊற்றிவிட்டு மாமாவைக் கூப்பிட்டான்.

மாமா வந்து குனிந்தார். சீமெந்தை விரலால் தடவி, விரலைப் பார்த்தார்.

"பறவால்லயே" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம். பிறகு கேட்டார், "பழைய பில்டரோட றப்பர் வளையமும் வந்திச்சா மகன்? சில நேரம் அது எஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். பாத்தீங்களா?"

மசூர் பார்க்கவில்லை. இப்போது பார்ப்பதென்றால் திரும்பக் கழற்ற வேண்டும். கழற்றினால் சிந்தும். கிடைத்த பட்டம் கிடைத்த இடத்திலேயே போய்விடும்.

"பாத்தன் மாமா."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மசூரின் புளுகு அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். காரின் பின் சீற்றில் றுகையாவின் மடியில் தலை வைத்துக் கிடத்தி, மசூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். பெரிய ரோட்டில் ஏறி நூறு யார் தூரம் போவதற்குள் சிவப்பு லைற் எரிந்தது. தீய்ந்த எண்ணெய் மணத்தது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. அவன் நிறுத்தவில்லை.

கண்ணை மூடிக்கிடந்த மாமா மூக்கால் எல்லாவற்றையும் அறிந்தார்.

"நிப்பாட்டுங்க மகன். எஞ்சின் புடிச்சிடும்."

அதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது. கார் ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானாகவே நின்றது.

வயலுக்குப் போன ட்ரக்டர் ஒன்றை மறித்து, ஊர்ச் சனம் மாமாவைத் தூக்கி ஏற்றியது. "நீங்களும் ஏறுங்க" என்று றுகையா கத்தினாள். "சரிபண்ணிட்டு வாறன்" என்று மசூர் காருக்குக் கீழே புகுந்தான். அங்கே சரிபண்ண ஒன்றுமில்லை. மாமா கண் திறந்து பார்த்துவிடுவார் என்ற பயத்தில் ஒளிந்துகொண்டான், அவ்வளவுதான். எண்ணெய் முகத்திலும் கையிலும் சொட்டச் சொட்டக் கிடந்தான். ட்ரக்டர் ஆஸ்பத்திரி வாசலைத் தொட முன்னமே மாமா போய்விட்டார்.

இப்போது அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். லெவ்வை இலந்தை இலை போட்ட தண்ணீரை வார்த்தார். பாதம் சுத்தமாக இருந்தது, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கார்க்காரனின் கால் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"மண்ணெண்ணெ மணக்கிதே" என்றார் லெவ்வை.

தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அயல்வீட்டு முகம்மது தம்பி காக்கா சொன்னார், "காரோட மல்லுக்கட்டின கை லெவ்வை. நான் கண்ணால கண்டன். உசிரக் காப்பாத்தணும் எண்டு எண்ணெக்குள்ள கிடந்து துடிச்ச புள்ள."

மசூர் வாயைத் திறந்தான். தண்ணீர் வார்க்கும் சத்தத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது.

லுஹர் தொழுகைக்குப் பிறகு பாண்டிருப்பிலிருந்து மெக்கானிக் நல்லரெத்தினம் வந்தார். மாமாவின் இருபது வருஷக் கூட்டாளி. ரோட்டில் நின்ற காரை ஆட்களோடு தள்ளி வந்து முற்றத்தில் விட்டுவிட்டு, மசூரை வேலியோரம் கூப்பிட்டார். அழுத கண்.

"பழைய றப்பர் எஞ்சின்லயே நிண்டிருக்கு தம்பி. அதுக்கு மேல புதுசும் ஏறியிருக்கு. ரெண்டு றப்பர் எண்டா எண்ணெ நிக்காது."

மசூர் நிலத்தைப் பார்த்தான்.

"அச்சிமுகம்மதர் பூட்டினதெண்டா இப்பிடி வராது" என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. திட்டினாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மாலை அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை. தொழ முன்னம், மையித்தின் வாரிசு சபைக்கு முன்னால் நின்று அதன் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மகன் இல்லாத வீட்டில் அது மசூரின் கடமை. மையித்தை வைத்த சந்தூக்கின் தலைமாட்டில் நின்றான். முந்நூறு பேர் இருக்கும்.

"எங்கட மாமா ஆருட மனசயும் நோக வெச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

"பொறுத்திட்டம்" என்றது சபை, ஒரே குரலில்.

மாமாவைப் பொறுக்க முந்நூறு பேர் வந்திருந்தார்கள். மசூரைப் பொறுக்க வேண்டியவர் ஒருவர், அவர் கபன் துணிக்குள் கிடந்தார்.

"காரப் பழுதாக்கினது நான்தான்" என்றான். குரல் உடைந்தது. "மாமா கேட்டாரு. பாத்தன் எண்டு பொய் சொன்னன். நான்தான் அவர..."

பின் வரிசையில் யாரோ விம்மினார்கள். லெவ்வை வந்து அவனை அணைத்து வரிசைக்குள் நிறுத்தினார்.

"சபூர் செய்ங்க தம்பி, பொறுமையா இருங்க. வீட்டுல ஒரு மவுத்து வந்தா எல்லாருக்கும் இப்பிடித்தான் தோணும்."

தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது வசைக்குச் சொன்ன சொல் என்றுதான் மசூர் நினைத்திருந்தான். புகழுக்கும் அப்படித்தான். அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து அவன் வீட்டுக்கு வர முன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. எவ்வளவு பாசம் இருந்தால் செய்யாத பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வான், பெற்ற மகன் செய்வானா இப்படி என்று படலையடியில் கதைத்தார்கள்.

றுகையா குசினி வாசலில் மறித்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வாப்பா கேட்டதும் எனக்குக் கேட்டிச்சி. நீங்க செல்லினதும் கேட்டிச்சி" என்றாள் மெதுவாக. "நீங்க பாக்கல்ல எண்டும் எனக்குத் தெரியும். குசினி யன்னலால பாத்துக்கிட்டுத்தான் நிண்டன்."

"றுகையா..."

"உம்மாக்குச் செல்லிராதீங்க. அவ இனி ஒங்களத்தான் புடிச்சிக்கிட்டு நிப்பா."

வழி விட்டாள். அவன் தன்னைக் கடந்து போகும்போது, அவன்மேல் படாமல் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாமி ஹாஜறா, கணவனை இழந்தவள் மறைந்திருக்கும் இத்தா அறையில் வெள்ளைச் சேலையோடு இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு மூடியிருந்தது. மசூரைப் பக்கத்தில் இருத்தி, சகன் தட்டில் தானே சோறு போட்டார். மீன் ஆணத்தைக் கிளறி, தலையைத் தேடி எடுத்து அவன் பக்கம் வைத்தார். அந்த வீட்டில் மீன் தலை ஒருவருக்குத்தான் போகும்.

"எனக்கு வேணாம் மாமி."

"இனி ஆருக்கு மகன்? தின்னுங்க. விடியத்தொடக்கம் பச்சத் தண்ணி பல்லுல படல்ல."

விசிறியை எடுத்து மெல்ல வீசத் தொடங்கினார். றுகையா தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்காமல் போனாள். மசூர் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான். விரலில் மண்ணெண்ணெய்தான் மணத்தது, உப்பு நாக்குக்குத் தெரியவில்லை.

"உப்புப் போதுமா மகன்?" என்று கேட்டார் மாமி.

"போதும் மாமி" என்றான்.