விளக்கு வைக்கிறதுக்குள்ள

அந்தத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், தேர் முடியும்வரை யாரும் வெளியூரில் இருட்டும்வரை இருக்கக்கூடாது. எங்கே போனாலும் சாயங்காலம் கோயிலில் விளக்கு வைப்பதற்குள், வேப்பிலைத் தோரணம் கட்டிய எல்லைக்குள் வந்துவிட வேண்டும்.

இந்த வருஷம் காப்புக் கட்டிய மறுநாளே தனுஷிகாவுக்கு நுவரெலியாவில் மாவட்ட ஓட்டப் போட்டி. கோயில் தலைவர் சின்னராசா அவளுடைய அம்மா நாகலெட்சுமியைத் தேடி லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"புள்ளைய அனுப்பாத, நாகு. காப்புக் கட்டுன பிறகு பொம்பளப் புள்ள அரைக் கழுசான் போட்டுக்கிட்டு ஓடுறது நல்லால்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு நடந்தா தோட்டமே உன்னத்தான் ஏசும்."

நாகலெட்சுமிக்குப் பயம் இல்லாமல் இல்லை. திருவிழா நாட்களில் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறவள் அவள். ஆனாலும் கேட்டாள்.

"போன வருஷம் பசங்க ஹட்டனுக்குக் கிரிக்கெட் ஆடப் போயி எட்டு மணிக்கு வந்தாங்களே, அண்ணே? அப்ப எல்லை எங்க இருந்துச்சு?"

"அவனுங்க ஆம்பளப் புள்ளைங்க."

"அம்மன் பொம்பளதானுங்களே."

பக்கத்து வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, போகட்டும். விளக்குக்குள்ள எல்லைக்கு வரணும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் இத்தோட அவ ஓட்டம் முடிஞ்சிச்சு. சம்மதமா?"

"சம்மதங்க."

மறுநாள் சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நாகலெட்சுமி நேரே தோரணத்தடிக்குப் போனாள். நாலு பேர் முன்னால் மகள் காலை மூடிக்கொள்ளட்டும் என்று ஒரு சால்வையும் கையில் இருந்தது. அப்போது போன் அடித்தது. கூடப் போயிருந்த விளையாட்டு வாத்தியார் ஜீவராஜ்.

"அம்மா, கீழ் வளைவில லொறி ஒண்ணு குறுக்கால மாட்டிக்கிட்டு நிக்குது. பஸ் நகரல. புள்ள எறங்கி ஓட ஆரம்பிச்சிட்டா!"

"ஐயோ, நீங்க எங்க சேர்?"

"நானும் பின்னாலதான் வர்றேன். என் தொப்பைக்கு அவ்வளவுதான் வேகம்."

கீழ் வளைவிலிருந்து எல்லைக்கு ஐந்து கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போனது. எல்லையை ஒட்டிய கோயிலில் பூசாரி வீரய்யா விளக்கடிக்கு வந்துவிட்டார். சின்னராசா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

வீரய்யா ஒரு குச்சியைக் கிழித்தார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. திரியை எடுத்துப் பிழிந்தார், திருப்பி வைத்தார்.

"என்ன பூசாரி?"

"காத்துங்க தலைவரே. பத்த மாட்டேங்குது."

தோரணத்தில் ஒரு வேப்பிலைகூட ஆடவில்லை. சின்னராசா அதை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார். அம்மன் சில நேரம் பற்றாத ஒரு தீக்குச்சியாகவும் வந்து நிற்பாள் என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது.

மூட்டத்துக்குள்ளிருந்து தனுஷிகா வந்தாள்.

மகள் ஓடி நாகலெட்சுமி அதுவரை பார்த்ததே இல்லை. போட்டி நடக்கும் நேரமெல்லாம் இவள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு இருப்பாள். இப்போதுதான் பார்க்கிறாள். முழங்கால்வரை சேறு. தலை ஆடவில்லை. பார்வை தோரணத்திலேயே இருந்தது. ஏற்றம் என்று ஒன்று இருப்பதே அந்தக் கால்களுக்குத் தெரியாததுபோல் இருந்தது.

"ஓடு தாயி!" என்று கத்தியது தன் குரல்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தனுஷிகா தோரணத்தைத் தாண்டிக் குனிந்து நின்று மூச்சு வாங்கினாள். வீரய்யாவின் அடுத்த குச்சி பற்றிக்கொண்டது. விளக்கு எரிந்தது.

நாகலெட்சுமி சால்வையை விரித்தாள். காலை மூடவில்லை, மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எத்தனையாவது?" சின்னராசாதான் கேட்டார்.

"ரெண்டாவது, மாமா. மாகாணத்துக்கு எடுத்துட்டாங்க."

"அது எப்ப?"

"தேர் முடிஞ்சு அடுத்த கிழமைங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு மெதுவாவே வா" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார்.