மடித்து வைத்த ஓரம்

அச்சுப்பொறியின் இரும்புக் கையைத் தூமார் முழு பலத்தோடு கீழே அழுத்தினாள். ஆவி எழுந்தது. தட்டைத் தூக்கியபோது வெள்ளைப் பருத்தித் துணியில் அவளுடைய அம்மாவின் முகம் பதிந்திருந்தது. அம்மா புருலை நேற்று மாலை இறந்துவிட்டாள்.

நாரின் என்ற மலையூரின் கடைத்தெருவில் தூமார் நடத்தும் அந்தச் சின்னக் கடைக்கு வருகிறவர்கள் மகிழ்ச்சியைத்தான் படமாகக் கொண்டுவருவார்கள். பேரன் பிறந்தால் கோப்பையில் பதித்துக் கொடுப்பாள். திருமணம் என்றால் போர்வையில். ராணுவத்துக்குப் போன மகனைத் தலையணையில் பதித்துத் தருவாள், தாய் அதைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். இன்றைய வேலையைச் சொன்னவள் அப்பாவின் அக்கா, சூரா அத்தை. விடிந்ததுமே தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"சாவுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு ஆளுக்கொரு துண்டு துணி குடுக்கணும்ல, கண்ணு. வெறுந்துணியா குடுக்காம உங்கம்மா கல்யாணப் படத்தைப் போட்டுக் குடு. ஊரே பேசணும். முகம் மட்டும் போதும்."

வீட்டுச் சுவரில் தூமார் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்கிய படம் அது. வெள்ளை முக்காட்டுக்குள் ஒரு இளம்பெண், கன்னம் நிறையக் கண்ணீர். சிறுமியாக இருந்தபோது தூமார் கேட்டிருக்கிறாள். "ஆனந்தக் கண்ணீர்டி அது" என்பாள் அத்தை. "மத்தவளுங்க மாதிரி வழியில மறிச்சுத் தூக்கிட்டு வந்த பொண்ணு இல்ல உங்கம்மா. என் தம்பி மேல ஆசைப்பட்டுத் தானா வந்தவ." அம்மா அதை ஆமோதித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இன்று காலை சட்டத்தைக் கழற்றியபோது, படத்தின் இரு ஓரங்களும் பின்னுக்கு மடிக்கப்பட்டிருந்தன. வெட்டி எறிந்திருக்கலாம். நல்ல படத்தில் கத்தரி வைக்க யாருக்கோ மனம் வரவில்லை. தூமார் மடிப்பை விரித்தாள்.

ஒரு கை, பெண்ணின் பிடரியை இறுக்கியிருந்தது. அதே ஆளின் மறு கை, முக்காட்டை நெற்றிக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. விரலில் பவளம் பதித்த வெள்ளி மோதிரம், சூரா அத்தை இன்றும் கழற்றாதது. இன்னொரு கையும் இருந்தது, அம்மாவின் கை. அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

தூக்கி வந்திருக்கிறார்கள்! தன் வழியே போன பெண்ணைத் தூக்கி வந்து, தலையில் ஒரு முழத் துணியைப் போட்டு, இனி நீ இந்த வீட்டுக்காரி என்றிருக்கிறார்கள். கதறினால் அது கூச்சம். அழுதால் அது ஆனந்தம். ஓய்ந்துபோனால் அது சம்மதம்! கேட்டால் வழக்கம் என்பார்கள். ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, அவள் மறுக்கவில்லை என்று சாட்சி சொல்லும் வழக்கம்!

இன்று புருலையைக் குளிப்பாட்டப் போகிறவர்களில் மூத்தவள் சூராதான். பெண்ணின் பிணத்துக்குக் கோடி உடுத்திய பிறகு தலையில் வெள்ளைத் துணி கட்டவேண்டும். அதைக் கட்டும் உரிமையும் அவளுக்கே. அதே கை. அதே வெள்ளை. அம்மா தள்ளிவிடவும் முடியாது.

கூடாது என்று தூமார் முடிவு செய்தாள். படத்தை ஓரம் தவறாமல் முழுதாகப் பதித்தாள். ஒவ்வொரு துணியையும் படம் உள்ளே இருக்கும்படி மடித்தாள்.

முற்றத்தில் எழுப்பியிருந்த கம்பளிக் கூடாரத்தின் வாசலில் சாவு முறைப்படி ஆண்கள் கோலூன்றி நின்றார்கள். ஆள் வரவர, "ஐயோ, என் துணையே!" என்று அப்பா தெமிர்குல் குரலெடுத்து அழுதார். தூமார் அவர் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.

வலப்புறத் திரைக்குப் பின்னால் அம்மா கிடந்தாள். பெண்கள் கம்பளிச் சுவரைப் பார்த்து அமர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். சூரா அத்தை அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தாள்.

"கொண்டாந்துட்டியா? இங்க குடு. பெரியவ கையால குடுக்கறதுதான் முறை."

"நீங்களே குடுங்க, அத்தை. அதுதான் சரி."

விரித்துப் பார்க்காமலே அவள் கொடுத்துக்கொண்டு போனாள். "அவ ஆயுசும் உனக்குச் சேரட்டும்... இந்தா, உனக்கும் சேரட்டும்." முதலில் விரித்தவள் பக்கத்து வீட்டு மைராம். அவளுடைய ஒப்பாரி பாதியில் நின்றது. அடுத்தவள் குரல் நின்றது. கூடாரம் முழுக்க ஒவ்வொரு குரலாக அணைந்தது.

"சூரா, இது உன் மோதிரம்தானே?" என்றாள் மைராம்.

"என்ன மோதிரம்?" அத்தை கையிலிருந்த ஒன்றை விரித்தாள். "ஏய், முகம் மட்டும்னு சொன்னேனே!"

"இத்தனை வருஷமா முகத்தை மட்டும்தான் பாத்தோம். இன்னைக்குக் கையையும் பாப்போம், அத்தை."

"தானா வந்தவன்னு சொன்னியே, சூரா?" மைராம் துணியைத் தூக்கிக் காட்டினாள். "தானா வந்தவளுக்கு எதுக்குடி பிடரியில பிடி? ஆனந்தத்துல உன் கையை முறிக்கப் பாத்தாளாக்கும்?"

"சாவு வீட்ல என்ன கூத்துடி இது? வெளிய ஆம்பளைங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். காது இருக்கறவங்க கேக்கட்டும்" என்றாள் தூமார்.

அத்தையின் முகம் சிவந்தது. "எனக்கும் இப்படித்தான்டி கட்டினாங்க! பதினேழு வயசு எனக்கு. நான் கத்தினதைப் படம் பிடிக்க ஒரு நாதி இல்ல, தெரியுமா உனக்கு?"

"அதுக்கு எங்கம்மா என்ன பண்ணினா?"

அத்தை கையிலிருந்த துணியை அவசரமாகத் திரும்ப மடித்தாள்.

"குளிப்பாட்ட நீங்க வரக்கூடாது. ஒரு தடவை கட்டினீங்க, போதும்."

"அது என் உரிமை! யாராவது சொல்லுங்கடி இவளுக்கு!"

எல்லார் மடியிலும் அவள் கை விரிந்து கிடந்தது. மைராம் எழுந்து தன் சட்டைக் கையைச் சுருட்டினாள். "வா பொண்ணே. தண்ணி ஆறிடும்."

சத்தம் கேட்டு அப்பா வாசல் கம்பளியை விலக்கி எட்டிப் பார்த்தார். "என்னம்மா அங்க?"

தூமார் அவரிடம் போனாள். மடிப்புக் கலையாத ஒரு துணியை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"உங்களுக்கும் ஒண்ணு, அப்பா. வெளிய போய் நிதானமா பாருங்க."

திரைக்குள் மைராம் செம்பில் நீர் ஊற்ற, தூமார் அம்மாவைக் கழுவினாள். கோடி உடுத்தினார்கள். வெளியே யாரோ புதிதாக வந்து இறங்கும் அரவம் கேட்டது. அப்பாவின் அழுகுரல் எழவில்லை.

மைராம் தலைத்துணியை எடுத்து நீட்டினாள். தூமார் அதை இரு கையிலும் ஏந்தி, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, கட்டட்டுமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மைராமும் நீட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.