உளியன் மன்னிப்புக் கேட்கவில்லை

1

இது முன்னுரையாக வந்திருக்க வேண்டியது. நான் தாமதித்ததால் புத்தகத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டுப் பின்னுரை ஆயிற்று. எழுத உட்கார்ந்த பிறகு கதையாகவும் ஆகிவிட்டது. அது ஏன் என்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அவசரப்படுகிறவர்கள் நேரே அங்கே போகலாம், எனக்கு வருத்தமில்லை.

அம்பத்தூரில் அச்சகம் வைத்திருக்கும் திருவேங்கடம்தான் எங்கள் மாத காமிக்ஸின் பதிப்பாளர். இரண்டு வருடத்தில் வந்த இருபத்துநான்கு இதழ்களையும் ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாகப் போடப் போவதாகச் சொன்னார். நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எதைப் பற்றி என்றும் அவரே சொல்லிவிட்டார்.

"ஈரோவப் பத்தி எவனும் கேக்கல நைனா. வான்மறவன் சூப்பர்னு ஒரு லெட்டராச்சும் வந்து கீதா? எல்லாம் உளியன், உளியன்தான். அந்த வில்லன எப்டி செஞ்சேன்னு எழுது."

எப்படிச் செய்தேன் என்று எழுத வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "தீமையின் ஈர்ப்பு மனித மனத்தின் ஆழ்கிணற்றில்..." (வேண்டாம். இதை எழுதிய கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: குமணன்சாவடி சந்திப்பில், நிற்க இடமில்லாத பேருந்துக்குள் நாற்பது நிமிடம் நின்ற ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே வான்மறவன் பறந்து போகிறான். அவனுக்கு வான்மறவன்மேல் அன்பு வருமா? வயிற்றெரிச்சல்தான் வரும். அதே ஆள் பேருந்து நிறுத்தத்தைப் பார்க்கிறான். நிழற்குடையில் உட்கார இருக்கை இல்லை, மேலே தகரம் இல்லை, ஆனால் கட்டிக் கொடுத்தவரின் பெயர் மட்டும் நான்கடி உயரத்துக்கு இருக்கிறது. ஒருவன் ஏணி போட்டு ஏறி அந்தப் பெயரை உளியால் கொத்திக்கொண்டிருக்கிறான். அவன்தான் உளியன். செய்யாத வேலைக்குப் பெயர் போட்டுக்கொண்டவர்களின் பெயர்களை அழிப்பது அவன் குற்றம். சட்டப்படி அது பொதுச்சொத்துக்குச் சேதம், அதனால் வான்மறவன் வந்து அவனைப் பிடிக்க வேண்டும். பேருந்தில் நிற்கிறவன் மனசுக்குள் என்ன சொல்வான்? "ஓடிடு மச்சான், வரான் பாரு" என்பான்.

இது பரவாயில்லை. கட்டுரையாக இப்படியே கொண்டுபோகலாம். நாயகன் யாராவது கூப்பிட்டால்தான் வருவான், வில்லன்தான் காலையில் எழுந்ததும் ஒரு காரியத்தை நினைத்து வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன், அதனால் நமக்கு அவனைப் பிடிக்கிறது என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு முடித்துவிடலாம்.

ஆனால் இதெல்லாம் உண்மை இல்லை. முதல் ஐந்து இதழ்களிலும் உளியன் இதையேதான் செய்தான். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் "ஹா ஹா ஹா" என்று சிரித்துக்கொண்டிருந்தான், பாவம். நான்தான் சிரிக்க வைத்தேன்.

3

எங்கள் வேலை நடக்கும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். நான் ஆவடியில் என் வீட்டில் படங்களை வரைவேன். வசனங்களைத் தனித் தாளில், கட்டத்துக்கு இத்தனை என்று எண் போட்டு எழுதி அனுப்புவேன். பலூனை வரைந்து, வசனத்தை அதற்குள் அமைத்து, பேசுகிறவர் வாயை நோக்கி வாலை இழுப்பது இன்னொருவர் வேலை. வால் யார் பக்கம் திரும்புகிறதோ அவர்தான் பேசுகிறார். காமிக்ஸில் சட்டம் அவ்வளவுதான்.

அந்த இன்னொருவர் பெயர் ரெனிதா. திருநின்றவூரில் அம்மாவோடு இருக்கிறார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்கும் வேலை. எங்கள் பலூன்களை மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் மடிக்கணினியில் போடுவார்.

நானும் அம்பத்தூரில்தான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். நாள் முழுக்க மற்றவர்கள் செய்த உதிரிபாகங்களில் குறை கண்டுபிடித்துவிட்டு வருவதாலோ என்னவோ, என் இதழின் அச்சுப்படியை மட்டும் திறந்துகூடப் பார்க்காமல் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். (சிரிக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.)

ஆறாம் இதழ், பதினான்காம் பக்கம், மூன்றாம் கட்டம். வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள். ரயில் நிலைய நடைமேடை. உளியன் குடிநீர்த் தொட்டியின் உபயதாரர் பெயரைக் கொத்திக்கொண்டிருக்கிறான். வான்மறவன் வந்து இறங்குகிறான். நடுவில் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த ஒரு சிறுமி.

நான் எழுதியது: வான்மறவன் சிறுமியிடம், "பயப்படாதே பாப்பா. உன் பேரைச் சொல். நான் மறக்கமாட்டேன்." உளியன், "விலகி நில்! எனக்கு வேலை இருக்கிறது!"

அச்சில் வந்தது: இரண்டு வாலும் மாறிவிட்டன.

குழந்தையைப் பார்த்து விலகி நில் என்று நாயகன் கத்துகிறான். ஊரில் உள்ள பெயரையெல்லாம் அழிக்கிறவன் உளியைக் கீழே இறக்கிவிட்டு, உன் பேரைச் சொல், நான் மறக்கமாட்டேன் என்கிறான்.

அறுநூறு சந்தாதாரர்களிடமிருந்து நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். வேப்பம்பட்டிலிருந்து சின்னசாமி என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், "ஐயா, அந்த இடத்தில் அழுதுவிட்டேன். எப்படி உங்களுக்குத் தோன்றியது?" என்று கேட்டிருந்தார். நான் அன்றே பதில் போட்டேன். "பல நாள் யோசித்து எழுதினேன்" என்று போட்டேன்.

4

ரெனிதா அலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, சாரிண்ணா. பதினாலாம் பக்கத்துல வால் மாறிடுச்சு. அன்னிக்கு சீட் கெடைக்கல, நின்னுகினே பண்ணேன்."

"பரவால்லம்மா. யார்கிட்டயும் சொல்லிக்காத."

ஏழாம் இதழுக்கு மறுபடி அழைத்தார். "இந்த எடத்துல உளியன் இப்டி சவுண்டு வுட மாட்டாண்ணா. மெதுவாத்தான் சொல்லுவான். மாத்தட்டா?"

"மாத்திக்கோம்மா."

பத்தாம் இதழிலிருந்து அவர் கேட்பதை நிறுத்தினார். நானும் எழுதுவதை நிறுத்தினேன். என் வசனத் தாளில் உளியன் பெயருக்கு நேரே "(ஏதாவது)" என்று போட்டு அனுப்பினேன். பத்து முதல் இருபத்துமூன்று வரை, பதினான்கு இதழ்கள். நீங்கள் மனப்பாடமாகச் சொல்லும் உளியன் வசனம் ஒவ்வொன்றுக்கும் நேரே என் கையெழுத்தில் "(ஏதாவது)" என்று இருக்கிறது. தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

(இந்த இடத்தில் ரெனிதா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? போன் செய்தால் எடுக்கமாட்டார். வேர்க்கடலையைத் தின்று கணினி முழுக்கத் தோலாக்கி வைப்பார். என் ஓவியத்தில் உளியனின் கை நண்டுக்கால் போல இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருக்கத்தான் செய்கிறது.)

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசகர் சந்திப்பு நடந்தது. மேடையில் நான். கடைசி வரிசையில் ரெனிதா. ஒரு பையன் எழுந்து, "சார், உளியன் இப்போ இங்க வந்தா இன்னா சொல்லுவான்?" என்றான்.

தண்ணீர் குடித்தேன். அதற்குள் கடைசி வரிசையில் ரெனிதா பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உளியனைக் கொன்றுவிட வேண்டும் என்று அந்த நாற்காலியில் இருந்தபடியே முடிவு செய்தேன். எனக்குப் பொறாமை. வேறு பெயர் தேடிப் பயனில்லை.

5

புத்தகம் வரப்போகிற செய்தி தெரிந்ததும், அம்பத்தூர் நிலையத்தில் மாலை ரயிலுக்கு நிற்கும்போது ரெனிதா கேட்டார்.

"அண்ணா, புக்குல என் பேர் வருமா?"

"வரும்மா. வராம?"

"எழுத்தமைப்புன்னு வருமா, வசனம்னு வருமா?"

நான் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. எங்கம்மாதான். மாசா மாசம் ஞாயித்துக்கிழம சர்ச்சுல இருந்து வந்து, கண்ணாடி போட்டுகினு, மொதப் பக்கத்துல வெரல வச்சு ஒவ்வொரு வரியா தேடுறாங்க. எங்கடி உன் பேருன்றாங்க. வரும்மா, வரும்மான்னு ரெண்டு வருசமா சொல்லிகினு கீறேன்."

"பார்க்கலாம்மா" என்றேன்.

பார்க்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. ரயில் வந்ததும் அவர் பெண்கள் பெட்டிப் பக்கம் போய்விட்டார்.

இருபத்துநான்காம் இதழில் உளியனைத் திருநின்றவூர் ஏரியில் தள்ளினேன். பதினான்கு இதழ்களுக்குப் பிறகு முதல்முறையாக அவனுக்கு நானே ஒரு வசனம் எழுதினேன். தண்ணீருக்குள் மூழ்கும்போது வான்மறவனைப் பார்த்து, "மன்னித்துவிடு."

இதழ் அச்சாகி வந்தது. பலூன் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வாலும் இல்லை.

திருவேங்கடம் போனிலேயே கத்தினார். "மாமே, இன்னா மூள உனுக்கு! காலி பலூன் வுட்ட பாரு, எல்லாரும் அதத்தான் பேசிகினு கீறானுங்க!" வாசகர் குழுவில் அந்த வெற்றிடத்துக்கு மூன்று பேர் விளக்கம் எழுதினார்கள். ஒருவர் மௌனத்தின் அழகியல் என்று தொடங்கி...

(போதும்.)

ரெனிதாவை அழைத்தேன். அன்று எடுத்தார்.

"அது அவன் வசனம் இல்லண்ணா. அவன் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? வால யார் பக்கம் திருப்புறதுன்னு எனக்குத் தெரில. நீங்களே வரைஞ்சுக்கோங்க."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வேலைக்கு வரவில்லை.

6

அந்த வாரமே நான் அச்சகத்துக்கு ஓடினேன் என்று எழுத ஆசை. ஓடவில்லை. பதினொரு நாள் கழித்து, அலுவலக விடுப்பில், சாவகாசமாகத்தான் போனேன். தலைப்புப் பக்கத்தில் "வசனம்: ரெனிதா" என்று போட வேண்டும் என்றேன்.

திருவேங்கடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொத ஃபாரம் ஓடிடுச்சு நைனா." தலைப்புப் பக்கம் உள்ள முதல் தாள்கட்டு அச்சாகிவிட்டது என்று அர்த்தம்.

"நிறுத்த முடியாதா?"

"ஓடி முடிஞ்சு, மடிச்சு, கட்டு கட்டி வச்சு கீது. தோ பாரு." மேசை இழுப்பறையிலிருந்து அச்சுப்படியை எடுத்துப் போட்டார். "கதை, வசனம், ஓவியம்: ஞானசேகரன்." அதற்குக் கீழே என் கையெழுத்து. பக்கத்தில் "சரி."

"ஒரு திருத்தச் சீட்டாவது வச்சுடலாமா?"

"சீட்ட எவன் படிப்பான்? பிரிச்சவொடனே கீழ வுழுந்துடும். கடசி ஃபாரத்துல உன் நாலு பக்கம் காலியா கீது. அதுல இன்னா வேணா சொல்லிக்கோ. ஆனா கதையா சொல்லு. கட்டுரன்னா தள்ளிட்டுப் பூடுவானுங்க."

அதனால்தான் இது கதை. இதில் உள்ள ஆபத்து எனக்கு இரண்டாம் பகுதி எழுதும்போதே தெரிந்துவிட்டது. கதை என்றால் ரெனிதாவையும் நான் கற்பனை செய்தேன் என்பீர்கள். வில்லனுக்கு வசனம் எழுதிய பெண்ணையே ஒரு பாத்திரமாக்கிவிட்டான், என்ன உத்தி என்பீர்கள். இன்னும் நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எனக்கே வரும். காலி பலூனுக்கு வந்த மாதிரி.

7

முடிவுகள்.

ஒன்று: ரெனிதா இதைப் படித்துவிட்டு அழைக்கிறார். "போங்கண்ணா, அழ வச்சுட்டீங்க." (அழமாட்டார். நண்டுக்கால் என்று சொன்னவர் அவர்.)

இரண்டு: உளியன் ஏரியிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து ஆவடிக்கு வருகிறான். கையில் உளி. என் பெயர் அச்சான அறுநூறு பிரதிகளின் முதல் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறான். என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறான். (இதை நன்றாக வரைந்துவிடுவேன். என்ன சொல்கிறான் என்ற இடத்தில் மறுபடி "ஏதாவது" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பேன். இனி அதை நிரப்ப ஆள் இல்லை.)

மூன்று, இது நடந்தது. ஆறாம் பகுதி வரை எழுதியதை ரெனிதாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதைப் போட்டால் போதுமா என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே வரி பதில் வந்தது.

"எங்கம்மா எங்க தேடுவாங்களோ அங்க போடுங்கண்ணா."

அவர் அம்மா ஞானகுமாரி முதல் பக்கத்தில் தேடுவார். நான்கு பக்கம் மன்றாடி எழுதிய இந்தக் கடைசி ஃபாரத்துக்கு அவர் விரல் வரவே வராது.

அச்சகத்துக்குப் போய், தைத்துக் கெட்டி அட்டை போட்டிருந்த முதல் பிரதியை வாங்கிக்கொண்டேன். இந்தப் பின்னுரை வருகிற நான்கு பக்கம் மட்டும் அதில் வெள்ளையாக இருந்தது. அது இருக்கட்டும். இருபத்துநான்காம் இதழின் கடைசிக் கட்டத்தைத் திறந்து, காலி பலூனுக்குள் "மன்னித்துவிடு" என்று பேனாவால் எழுதினேன். வாலை உளியன் பக்கம் திருப்பவில்லை. கட்டத்தைத் தாண்டி, ஓவியன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கும் மூலைவரை இழுத்தேன். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் "வசனம்" என்ற சொல்லை என் பெயரிலிருந்து பிரித்து அடித்துவிட்டு, கீழே தனி வரியாக ரெனிதா பெயரோடு எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். திருநின்றவூர் முகவரிக்கு அன்றே கூரியரில் அனுப்பினேன்.

அது ஒரு பிரதி. மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் உங்களிடம் இருக்கின்றன. அந்தப் பிரதிகளில் உளியனுக்கு வசனம் எழுதியது இன்னும் நான்தான்.

முதல் பக்கத்தைத் திருப்புங்கள். உளி தேவையில்லை, பேனா போதும். இதைக் கதை என்று நினைத்தால் அப்படியே மூடி வைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. பெயர் ரெனிதா. மூன்றே எழுத்துதான்.