சின்னராசா அண்ணையை இறக்கிய கூட்டம்

சின்னராசா அண்ணையைக் கமக்கார அமைப்பின் தலைவர் கதிரையிலிருந்து இறக்க வேண்டும் என்று ஊரில் முதலில் வாய் திறந்தவள் நான்தான். அதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் கோடைச் சிறுபோகத்துக்கு எல்லா வயலையும் விதைக்க முடியாது. குளத்து மதகுக்கு, அதுதான் துருசுக்கு, கிட்டவுள்ள காணியை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்து, யாருடைய காணி என்று பாராமல் வீட்டுக்கு ஒரு பங்கு விதைப்போம். சிறுபோகத்துக்குச் சிறுபோகம் எனக்குக் கிடைத்தது தண்ணீர் சரியாக எட்டாத, வாய்க்காலின் கடைசித் துண்டு. கேட்டால், "சீட்டுக் குலுக்கித்தானே பிள்ளை விழுந்தது" என்பார். எனக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் அப்படியே விழுமா? சந்தையில் கத்தினேன், கோயில் வாசலில் கத்தினேன், அவர் வீட்டுப் படலையிலும் நின்று கத்தினேன்.

இந்த வருடம் ஐயனார் பொங்கலன்று ஊர் முழுக்கக் கோயிலில் நின்ற நேரம் யாரோ துருசைத் திறந்துவிட்டார்கள். காலையில் போகும்போது அது பூட்டிக் கிடந்ததைப் பலபேர் கண்டவர்கள். பொங்கிப் படைத்துவிட்டுத் திரும்பி வந்தால் குளத்தில் சேறுதான் மிச்சம். நெல் கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. இனி அது மாட்டுக்குத்தான். துருசுப் பூட்டின் திறப்பு தலைவரிடம் இருந்தது, தலைவர் பொங்கலுக்கு வரவில்லை. ஊருக்கு அது போதும். ஒரு அலவாங்கு இருந்தால் அந்தப் பழைய துருசை யாரும் நெம்பித் திறக்கலாம் என்பதை ஒருவரும் கதைக்கவில்லை.

"அண்டைக்கு எங்கை போனனீங்கள்?" என்று பொருளாளர் சதீஸ் அவரைக் கேட்டான்.

"அது என்ரை அலுவல்" என்றார் சின்னராசா அண்ணை.

அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்றாவி எனக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

என் மனுசனின் தம்பிக்கு முல்லைத்தீவில் பிள்ளை பிறந்திருந்தது. எங்களுக்குத் துடக்கு, கோயிலுக்குப் போக முடியாது. சரி, பிள்ளையையாவது பார்ப்போம் என்று அன்று விடிய நான் முல்லைத்தீவுக்குப் போனேன். பார்த்துவிட்டு, மீன் வாங்கலாம் என்று கடற்கரைக்கு நடந்தேன். வாடிகளுக்கு அப்பால், ஆள் இல்லாத பக்கத்தில், ஒரு ஐயர் சம்மணம் கட்டி இருந்தார். அவருக்கு முன்னால் வெறும் மேலோடு ஒரு மனிதர். வாழையிலை, தர்ப்பை, எள்ளு, பிண்டம்.

"பேரைச் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

"பிரதாபன்" என்றது எனக்குப் பழகிய குரல்.

பிரதாபன் சின்னராசா அண்ணையின் ஒரே பிள்ளை. கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிப் போராட்டக் கொட்டகையில் வருடக்கணக்காகக் குந்தியிருக்கிறா, மற்றத் தாய்மாரோடு. "என்ரை பிள்ளை இருக்கிறான், அவனைக் காட்டுங்கோ" என்று வெய்யிலில் நின்று கேட்கிற மனுசி அவா. இங்கே தகப்பன் பிள்ளைக்குப் பிண்டம் போடுகிறார். தண்ணீரில் இறங்கி முழுகி எழும்பியவர் என்னைக் கண்டார். நான் மீனும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை, ஓடிவந்து பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் படலைக்குப் போவேன். படலையில் நின்றால் குசினிக்குள் கறி எரியும். "என்னப்பா, பேய் பிடிச்சிட்டுதோ?" என்று என் மனுசன் பரமேஸ்வரன் கேட்டார். அவருக்கும் சும்மா ஏச்சு விழுந்தது. இந்தாளை இறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். உண்மைதான். ஆனால் செய்யாத களவுக்காக இறக்கவா? வாயைத் திறந்தால் அந்த மனுசிக்கு என்ன மிச்சம்? வாயைத் திறக்காவிட்டால் இந்த மனுசன் சாகும்வரை தண்ணிக் கள்ளன். யாருக்காவது சொல்லியழவும் வழியில்லை. எனக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். என் நாக்கு இப்படி ஒருநாளும் என்னிடம் அடங்கிக் கிடந்ததில்லை.

அவரை விசாரிக்கிற கூட்டத்துக்கு முதல் நாள் பொறுக்க முடியாமல் அவருடைய வயலுக்குப் போனேன். காய்ந்த வரம்பில் நின்று மாடு கலைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களாச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"நீ என்னை இறக்கத்தானே பிள்ளை நிண்டனி? இறக்கன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ. ஊர் உங்களைக் கள்ளன் எண்டெல்லே சொல்லுது!"

"சொல்லட்டும். அடுத்த மாரிக்குக் குளம் நிரம்பினால் ஊர் மறந்துபோடும்." மாட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அவள் பதினைஞ்சு வருசத்துக்கு மேலை அந்தப் படத்தோடை இருக்கிறாள். எனக்கு ஏலாமல் போச்சு, நான் செய்தன். அது என்னோடை போகட்டும். அவளுக்குத் தெரியப்படாது."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அழுகையும் வந்தது. வந்த வழியே திரும்பி நடந்தேன்.

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில். கமநல நிலையத்திலிருந்து கௌசலா என்ற இளம் உத்தியோகத்தர் வந்திருந்தா. வாக்குமூலங்களை எழுதி எடுத்தால் போதும் என்று அவா எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. ஊர் கேட்கவில்லை. "எழுத்திலை ஆரும் பொய் சொல்லலாம் மிஸ். ஐயனார் முன்னாலை சொல்லட்டும்" என்று கத்தினார்கள். எல்லோரும் பக்கத்திலிருந்த ஐயனார் கோயில் வாசலுக்குப் போனோம். தட்டில் கற்பூரம் கொளுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துத்தான் சத்தியம் பண்ணுவோம். பொய்ச் சத்தியம் பண்ணினால் அது பண்ணினவனைப் பிடிக்காது, அவனுடைய பிள்ளையைப் பிடிக்கும். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் கற்பூரம் என்றால் எவனும் பின்னால் போவான்.

நாகேஸ்வரி அக்காவும் கிளிநொச்சியிலிருந்து வந்து முன்வரிசையில் நின்றா.

"அண்டைக்கு இவரை ஊருக்கு வெளியிலை ஆராவது கண்டனீங்களோ? கண்டால் சொல்லுங்கோ, விடுறம்" என்றான் சதீஸ்.

சின்னராசா அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேவலத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் கண்டனான்!" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. அவரை இறக்க நின்றவளே அவருக்குச் சாட்சி சொல்ல வருகிறாள் என்றால் சும்மாவா? "எங்கை கண்டனீங்கள் அக்கா?" என்றான் சதீஸ். நான் நாகேஸ்வரி அக்காவைப் பார்த்தேன். அவா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், மாங்குளம் சந்தி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கற்பூரத்தை நானும் அடிக்க வேண்டுமே! எனக்கு இரண்டு பிள்ளைகள். வாய் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குள் சின்னராசா அண்ணை விறுவிறென்று முன்னால் வந்தார்.

"அவள் ஒண்டும் காணேல்லை. நான்தான் துருசைத் திறந்தனான்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

கற்பூரம் அணைந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். கை உயர்த்தினார்கள், அவரை இறக்கினார்கள். புதுத் தலைவருக்கு என்னுடைய பெயரைச் சதீஸ் சொன்னான். "செருப்பாலை அடிப்பன்" என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

குளக்கட்டில் பாதித் தூரம் வந்திருப்பேன். பின்னால் நாகேஸ்வரி அக்கா மூச்சு வாங்க வந்து என் கையைப் பிடித்தா.

"அவர் துருசைத் திறக்கேல்லை" என்றா.

"அதை விடுங்கோ அக்கா. முடிஞ்ச கதை."

"பொங்கலண்டு நானும் ஊருக்கு வந்து நிண்டனான். அவர் கொண்டுவந்த ஈர வேட்டியை நான்தான் தோய்ச்சனான். மடிப்பு முழுக்கக் கடல் மண். கடலிலை இவருக்கு என்ன வேலை எண்டு யோசிச்சனான். கேக்கேல்லை." அவாவின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "நான் நாய்க்குச் சோறு வைக்காட்டிலும், பிள்ளைக்குக் கூடாது எண்டு என்னை ஏசுற மனுசன் அவர். இண்டைக்கு ஐயனாருக்கு முன்னாலை பொய்ச் சத்தியம் பண்ணினவர். பிள்ளையைப் பிடிக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டு பண்ணினவர்."

நான் கையை விடுவிக்கப் பார்த்தேன்.

"அப்ப பிடிக்கிறதுக்குப் பிள்ளை இல்லையெண்டு அவர் முடிவெடுத்திட்டார், என்ன?"

"அக்கா, வீட்டை போவம் வாங்கோ."

"கண்டனான் எண்டு எழும்பினாய் எல்லே? கடற்கரையிலைதானே கண்டனி? ஐயர் பேர் கேட்டிருப்பார்." என் மணிக்கட்டை அவா நெரித்த நெரியில் காப்பு சதைக்குள் இறங்கியது. "ஆரின்ரை பேரைச் சொன்னவர்?"

ஊர் முழுக்கக் கேட்கக் கத்துகிற எனக்குச் சத்தம் வரவில்லை.

"சொல்லு சிவலட்சுமி. நீ பொய் சொல்லமாட்டாய்."

"பிரதாபன்" என்றேன்.