சத்தம் போடுகிற ஃபில்டர்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குக் கூழாங்கல் வாங்கப் போனேன். பேரம் படியவில்லை. கடைக்காரர் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு கதையைச் சொன்னார். வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன், வெறுங்கையோடு படியிறங்கிப் பழக்கமில்லை. கல்லை வைத்துவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் வரி: மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் மீன்தொட்டிக்கு ஃபில்டர் வாங்க

[சப்பென்று இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.]

2

கடைக்காரர் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வகையைக் காட்டினார்.

"இதை எடுத்துக்கங்கக்கா. ஓடுறதே தெரியாது. அவ்வளவு அமைதி."

"அமைதி எங்க வீட்டுலயே நிறைய கெடக்கு தம்பி. வேணும்னா உங்களுக்குக் கொஞ்சம் தர்றேன். சத்தம் போடுறது எது?"

(சரக்கின் குறையைத் தேடி வாங்குகிற ஆளிடம் எந்த வியாபாரியும் தோற்றுப்போவான்.)

டாப் ஃபில்டர் இறங்கியது. தொட்டியின் தலைமேல் உட்காரும் நீளப் பெட்டி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அது பஞ்சு வழியாக வடிந்து மறுபடி தொட்டிக்குள் விழும், ஓயாமல், சளசளவென்று.

"தூங்க விடாதுக்கா."

"இப்ப மட்டும் தூங்குறோமாக்கும்" என்றார் கணவர். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

3

அந்த அமைதிக்குக் காரணம் அவர்களுடைய மகள் வீட்டில் இல்லாதது. முதல் பிரதியில் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தேன். எனக்கென்ன, டிக்கெட் செலவா? ஆனால் வெளிநாட்டில் மகள் இருக்கிற அம்மா அப்படிப் பேச மாட்டார். போனும் கையுமாக இருப்பார். அந்த வரியை அடித்துவிட்டேன். மகள் இறந்துவிட்டாள். அவள் வளர்த்த தங்கமீன் மட்டும் மிச்சம். குண்டன் என்று கூப்பிடுவாள்.

4

ஃபில்டர் ஓட ஆரம்பித்ததும் அம்மா தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கத் தொடங்கினார்.

"டேய் குண்டா, உங்க அக்கா இருந்தா இந்நேரம் உனக்குத் தீனி போட்டிருப்பா."

மகள் போன பிறகு அவளைப் பற்றி அந்த வீட்டில் எழுந்த முதல் பேச்சு.

தினமும் அது தொடர, இரண்டு மாதத்தில் கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஃபில்டருக்குக் கைம்மாறாக ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. பெட்டியைத் திறந்தார். பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. நாளெல்லாம் கண்ணாடி துடைக்கிற கை சும்மா இருக்குமா? குழாயடியில் கசக்கிக் கசக்கிப் பஞ்சை வெள்ளை வெளேரென்று ஆக்கினார்.

(அந்தப் பழுப்பில்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரை விஷமாகாமல் காக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். குழாய்த் தண்ணீரில் கசக்கினால் அவை போய்விடும், தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. சத்தத்தைப் பற்றிப் பேசியே நேரம் போய்விட்டது.)

தண்ணீர் லென்ஸ் மாதிரித் தெளிந்திருந்தது. குண்டன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து

[இதை முடிக்க என்னால் ஆகவில்லை.]

5

"சுத்தமாத்தானே தம்பி கழுவினேன்?" என்று கணவர் கடைக்கு வந்து கேட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் திரும்பிப் போய்விட்டாராம். கடைக்காரரின் கதை அதோடு சரி. மேற்கொண்டு என் தலையில்.

குண்டன் பிழைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். போலிச் சரக்கு, நானே வாங்க மாட்டேன். அதே அளவில் வேறு மீனை வாங்கி ரகசியமாக விடுவதாக இன்னொன்று. அந்த அம்மாவுக்கா அடையாளம் தெரியாது?

ஆக, மீன் செத்துவிட்டது. கணவர் ஸ்விட்சில் கை வைக்கிறார்.

"என்னங்க, மோட்டாரை நிறுத்தாதீங்க."

"உள்ள ஒண்ணுமில்லையேம்மா."

"தெரியும். அதுபாட்டுக்கு ஓடட்டும்."

பஞ்சைக் கழுவியதால்தான் செத்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியும். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்துச் சொல்கிற விஷயமா அது? சொல்வதென்றால் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வீடு பழையபடி ஆகிவிடும்.

கை இன்னும் ஸ்விட்சில்தான் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் அவரிடம் பேசிப் பாருங்கள். எனக்குப் படியவில்லை.